போர் போடும் சத்தம்



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் தம் பத்திரத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான் எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை நாங்குநேரியில் நடக்கும் இந்தப் பேச்சு இசையைப் பற்றியதாக இருக்க வேண்டும். எந்த இசை என்று அவர் எழுதவில்லை. அந்த மறதிக்கு நன்றி. எனக்கு முன்னால் இங்கே நின்றவர்கள் தேவாரப் பண்களைப் பற்றிப் பேசினார்கள். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் டிரில்லிங் மெஷின் சத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எழுந்து போக நினைப்பவர்கள் காப்பி வரும்வரை பொறுத்திருக்கலாம்.

2011 கோடையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வயலில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். திருச்செங்கோட்டு வண்டி. ரிக் ஒரு லாரி, கம்ப்ரஸர் ஒரு லாரி. ராடு இறங்க இறங்கச் சத்தம் மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். செம்மண்ணில் ஒரு முனகல், சுக்காம்பாறையில் ஒரு கரகரப்பு, கரும்பாறை தட்டியதும் பல் கூசுகிற ஒரு கிறீச்சல். வண்டிக்காரப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பாறை என்று சொல்லிவிடுவார்கள். அன்று மதியம் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, வேப்பமரத்தடியில் என் போனில் ஒரு பாட்டைப் போட்டேன். என் சித்தப்பா படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். “ஏ மக்கா, அவனுவ இன்னும் சாப்பிடவே இல்லையா? மறுபடியும் போர் போடுத சத்தம்லா கேக்கு!” என்றார். பாட்டு என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அந்தப் பாட்டுக்குப் பல மதிப்புரைகள் படித்திருக்கிறேன். சித்தப்பாவின் மதிப்புரைதான் துல்லியமானது.

பாட்டின் பெயர் ‘ஸ்டெப்பின் அப்’. அது இடம்பெற்ற இசைத்தட்டு ‘மாயா’, 2010 ஜூலையில் வந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருட்பிரகாசம். வீட்டில் கூப்பிடும் பெயர் மாயா.

அது என் கைக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் இருக்கும் ஈழத்தமிழர் முகாம் ஒன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு தம்பி வருவான். முகாம் இளைஞர்களில் பாதிப் பேருக்குப் பெயின்ட் வேலைதான். பழைய சுவரை மெஷின் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பான், காதில் இயர்போன் இருக்கும். அந்த இரைச்சலில் எப்படியடா பாட்டுக் கேட்கிறாய் என்று கேட்டேன். ஒரு பென் டிரைவை நீட்டினான். “அண்ணை, இதை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. கன பேருக்குப் பிடிக்காது” என்றான். அவனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மாயா 1975-இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். அப்பா அருட்பிரகாசம், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அருளர் என்ற பெயரில் அவர் எழுதிய ‘லங்கா ராணி’ நாவலை இங்கே சிலராவது படித்திருப்பீர்கள். 1977 கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு போன கப்பலின் கதை. அம்மா கலா, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். யாழ்ப்பாணம், கொஞ்ச காலம் சென்னை, 1986-இல் மறுபடி லண்டன், இம்முறை அகதியாக. ஓவியமும் சினிமாவும் படித்தார். ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப்பெட்டி ஒன்று கைக்கு வந்தது. அதை வைத்து 2005-இல் முதல் இசைத்தட்டு. அதற்கு அப்பா பெயர், ‘அருளர்’. 2007-இல் இரண்டாவது, அம்மா பெயர், ‘கலா’. மூன்றாவதற்குத் தன் பெயரையே வைத்தார். அதில்தான் வம்பு.

‘கலா’வைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போவோம். அமெரிக்க விசா சிக்கலானதால் அவர் உலகம் சுற்றிப் பதிவுசெய்த இசைத்தட்டு அது. சென்னைக்கும் வந்தார். ஏ.ஆர். ரஹ்மானின் ஸ்டுடியோவில் இருபதுக்கும் மேற்பட்ட மேளக்காரர்களை உட்காரவைத்து உறுமி வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாட்டுகளில் நீங்கள் கேட்பது அந்த உறுமிதான். இசைத்தட்டின் முதல் பாட்டில் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’ வருகிறது, 1991 ‘தளபதி’ படத்துப் பாட்டு. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2007-இன் சிறந்த இசைத்தட்டு என்று ‘கலா’வுக்கு முதலிடம் கொடுத்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ அடுத்த ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம்வரை போனது. பாடல் நடுவே துப்பாக்கி சுடுகிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. அதைக் குழந்தைகள்கூடப் பாடினார்கள்.

உறுமியை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில். இடை ஒடுங்கிய இரட்டை முக மேளம். வலது முகத்தை ஒல்லிக்குச்சியால் அடிப்பார்கள். இடது முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அடியில் தாளம் இருக்கிறது, தேய்ப்பில்தான் உறுமல். தோலும் கட்டையும் உரசுகிற அந்த ஒலிக்கு ஸ்வரம் கிடையாது. குச்சியின் அழுத்தம் கூடினால் மேலே ஏறும், தளர்ந்தால் வயிற்றுக்குள் இறங்கும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வாசிக்கும்போது குச்சியைப் பார்க்கவே இல்லை. சாமியாடியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் ஒரு துடிப்பு ஓடியதும் குச்சியை ஒரு இழுப்பு இழுத்தார், அவ்வளவுதான், ஆள் எழுந்துவிட்டார். பாறைக்குத் தக்கபடி ராடை இறக்குகிற ரிக்காரனின் கவனத்தை நான் வேறு எங்கே பார்த்தேன் என்று யோசித்தால், அங்கேதான்.

இனி, இப்படிப்பட்ட எந்திரச் சத்த இசைக்கு வழங்கும் இண்டஸ்ட்ரியல் என்ற பெயர். ஆலை இசை என்று நான் சொல்லிக்கொள்வேன். எந்திரச் சத்தமும் இசைதான் என்று இத்தாலிக்காரர் லூயிஜி ரூசோலோ 1913-லேயே ஒரு அறிக்கை எழுதிவிட்டார். பெயர் வைத்தது இங்கிலாந்தின் த்ராபிங் க்ரிசில் குழு, 1976-இல் அவர்கள் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தின் வழியாக. 1980-இல் பெர்லினில் கிளம்பிய ஐன்ஸ்டூர்சென்டே நொய்பௌட்டன் என்ற குழு தகரம், இரும்புச் சுருள், டிரில் எல்லாவற்றையும் மேடையேற்றியது. ஆலைகள் மூடிக்கொண்டிருந்த நாடுகளில் ஆலைச் சத்தம் கலையாயிற்று. நமக்கும் ஆலை உண்டு. பாபநாசத்தில் தாமிரபரணி விழுகிற வேகத்தை நம்பி 1880-களிலேயே ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை கொண்டுவந்தார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் மூன்று தலைமுறை ஆலைச் சங்கைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டியது. அந்தச் சங்கு நம் பாட்டுக்குள் பெரிதாக வரவில்லை. ஏன் வரவில்லை என்பது தனிப் பேச்சு, வேறு யாராவது அடுத்த ஆண்டு பேசட்டும்.

‘மாயா’ உருவான காலத்தைப் பாருங்கள். 2009 பிப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் பாடினார். சில நாளில் மகன் பிறந்தான். அதே மாதங்களில் வன்னியில் போர் இறுதிக்கட்டம். அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் உட்கார்ந்து அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புலி ஆதரவாளர் என்று முத்திரை குத்தினார்கள், அவர் மறுத்தார். மே மாதம் எல்லாம் முடிந்தது. கைக்குழந்தையோடு லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் இருந்த ஒரு தமிழ்ப்பெண்ணுக்கு, அந்த முடிவு எப்படி வந்து சேர்ந்திருக்கும்? நமக்கு வந்த மாதிரியேதான். போனில், கம்ப்யூட்டர் திரையில், அறுந்து அறுந்து ஓடும் வீடியோவில்.

‘கலா’ ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தது. ‘மாயா’வின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் பதிவானது. ஸ்விட்ச், ரஸ்கோ, பிளாக்ஸ்டார், ஸ்லெய் பெல்ஸ் குழுவின் டெரெக் மில்லர் என்று பலர் வந்து போனார்கள். வெளியே போக முடியாதபோது வீட்டுக்குள் என்ன சத்தம் கிடைக்குமோ அதுதான் கச்சாப்பொருள். ‘ஸ்டெப்பின் அப்’பில் டிரில் சுழல்கிறது, இரும்போடு இரும்பு மோதுகிறது. ‘மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்’ பாட்டில் கிதாரை ஸ்பீக்கர் கிழிகிற அளவுக்கு ஏற்றியிருக்கிறார்கள். கடைசிப் பாட்டான ‘ஸ்பேஸ்’ ஐபோன் செயலி ஒன்றில் பதிவானது என்பார்கள். கேட்டால் நம்பலாம், டவர் கிடைக்காத இடத்தில் நின்று பேசுகிற குரல் மாதிரி இருக்கிறது. ‘பார்ன் ஃப்ரீ’ பாட்டு, நியூயார்க்கின் சூயிசைட் இரட்டையர் 1977-இல் வெளியிட்ட ‘கோஸ்ட் ரைடர்’ பாட்டின் மேல் கட்டியது. நின்று நிதானிக்காத ஒரே ஒரு கீபோர்டு இரைச்சல், அதன் மேல் மாயாவின் கத்தல்.

இந்த ஊரில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விடக்கூடாத பாட்டு ‘டெல் மீ வை’. அதில் ஒரு கூட்டுக்குரல் வருகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து நாட்டுப்புறக் கிறித்தவர்கள் பாடுவது. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1959-இல் பதிவுசெய்தது. அவர்கள் நான்கு பக்கமாகச் சதுரம் கட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து பாடுவார்கள். கேட்பவர் என்று தனியாக யாரும் கிடையாது. தொண்டையை மறைக்காத முழுக்குரல். பட்டணத்துச் சங்கீத ஆசிரியர்கள் அதைக் கத்தல் என்று ஒதுக்கினார்கள். லோமாக்ஸ் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே காலத்தில், இதே நாங்குநேரியில் 1917-இல் பிறந்த நா. வானமாமலை என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964-இல் வந்தது. ஏற்றக்காரன் பாட்டையும் நடவுப் பாட்டையும் அச்சில் ஏற்றினால் தமிழுக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட்டவர்கள் அப்போது இருந்தார்கள். தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இசைத்தட்டு வருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. ஏப்ரலில் ‘பார்ன் ஃப்ரீ’ வீடியோ வெளியானது. இயக்கியவர் ரொமெய்ன் கவ்ராஸ். ஒன்பது நிமிடம். ராணுவத்தினர் வீடு புகுந்து செம்பட்டைத் தலைமுடி உள்ளவர்களை மட்டும் பொறுக்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பாலைவெளியில் இறக்கி ஓடவிட்டுக் கொல்கிறார்கள். இலங்கையில் கண்ணைக் கட்டிக் கையைப் பின்னால் கட்டிச் சுடும் காட்சியைச் சேனல் 4 ஒளிபரப்பியது 2009 ஆகஸ்டில். அதைப் பார்த்த ஒருவருக்கு இந்த வீடியோவின் தாய்வீடு எதுவென்று தெரியும். யூட்யூப் அதை மறைத்தும் வயதுப்பூட்டுப் போட்டும் வைத்தது. ஜூலையில் வந்த இசைத்தட்டின் அட்டையில் மாயாவின் முகத்தை யூட்யூப் ஓட்டப் பட்டைகள் மூடியிருந்தன. கண் மட்டும் தெரிகிறது.

மே மாதம் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் நீண்ட கட்டுரை ஒன்று. அரசியல் பேசுகிற இந்தப் பெண் ஆடம்பர ஓட்டலில் உட்கார்ந்து விலையுயர்ந்த காளான் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவல் தின்கிறாள் என்ற தொனி. மாயா கட்டுரையாளரின் போன் நம்பரை ட்விட்டரில் போட்டார். அது சிறுபிள்ளைத்தனம், எனக்கு உடன்பாடில்லை. பிறகு தான் ரகசியமாகப் பதிவுசெய்த உரையாடலை வெளியிட்டார். வறுவலை வாங்கலாம் என்று முதலில் சொன்னது கட்டுரையாளர் என்று அதில் தெரிந்தது. ஈழத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியைவிட வறுவல் யார் வாங்கியது என்ற கேள்விக்கு அந்தக் கோடையில் அதிக மை செலவாயிற்று.

மதிப்புரைகள் வந்தன. பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 4.4 கொடுத்தது. பாராட்டியவர்களும் இருந்தார்கள், ஆனால் குறை சொன்னவர்கள் ஏறக்குறைய ஒரே குறையைச் சொன்னார்கள். வெறும் இரைச்சல், பாட்டு எங்கே, ‘கலா’வில் இருந்த துள்ளல் எங்கே. வேடிக்கை என்னவென்றால் ‘கலா’ அமெரிக்கப் பட்டியலில் 18-ஆம் இடத்தோடு நின்றது, ‘மாயா’ 9-ஆம் இடத்தைத் தொட்டது.

இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. உறுமியும் இரைச்சல்தான். இரும்புக்கு இருக்கிற அளவுதான் அதற்கும் ஸ்வரம். அப்படியிருக்க உறுமியைக் கொண்டாடிய காது டிரில்லை ஏன் தள்ளியது? உறுமி அவர்களுக்குத் தூரத்துச் சத்தம். சென்னையிலிருந்து வந்த பரிசுப்பொருள். அது யாரைக் கூப்பிடுகிறது, எந்தத் தெருவில் ஒலிக்கலாம், எந்தத் தெருவில் ஒலிக்கக்கூடாது என்ற எந்த வில்லங்கமும் அவர்கள் கேட்ட உறுமியில் ஒட்டியிருக்கவில்லை. டிரில் பக்கத்து வீட்டுச் சத்தம். போன் அவர்கள் சட்டைப்பையில் இருப்பது. அதிலிருந்து ஒரு தமிழ்ப்பெண் அவர்கள் வீட்டுச் சத்தத்தாலேயே அவர்களைக் கூப்பிட்டால் காது குத்தத்தான் செய்யும்.

நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம் பக்கம் கணக்கு அப்படியே தலைகீழ். டிரில்லைச் சகித்துக்கொள்வோம், மாடி கட்டுகிறார்கள் என்றால் மூன்று மாதம் பொறுப்போம். சினிமாவில் உறுமி வந்தால் விசிலடிப்போம். அதே உறுமியும் பறையும் நம் தெருமுனையில் வந்து நின்றால் மட்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்று நினைவு வரும். நம் தாலுகாவில் இதற்காக எத்தனை பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் சிலருக்கே தெரியும்.

இசைத்தட்டில் குறை இல்லையா என்றால், உண்டு. ‘டெக்கீலா’ ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, நாலாவது நிமிடத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ‘இட் டேக்ஸ் எ மசில்’ என்ற பழைய டச்சுப் பாட்டின் மறுபதிப்பு இனிமையானது, அந்த இனிமைக்கு அங்கே வேலை இல்லை. பம்பரம் போல ஒரே இடத்தில் சுற்றும் பாட்டுகள் ஒன்றிரண்டு உண்டு. ஆனால் கோபத்தில் பேசுகிறவரிடம் வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கோடையில் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் அவர் ‘பார்ன் ஃப்ரீ’ பாடினார். மேடை முழுக்க அவரைப் போலவே உடையும் முடியும் போட்ட பெண்கள். எது உண்மையான மாயா என்று கண்டுபிடிக்கத் திணற வேண்டும். கீபோர்டில் சூயிசைட் குழுவின் மார்ட்டின் ரெவ் நின்றார். ஒரு பாட்டின் துணுக்கை எடுத்துக்கொண்டால், அதை வாசித்த கிழவரையும் கூட அழைத்து வந்து நிறுத்துவது என்பது எனக்குப் பிடித்த மரியாதை. நம் சினிமாக்காரர்கள் உறுமிக்காரர்களின் பெயரையாவது போடலாம்.

முதல் பாட்டு ‘தி மெசேஜ்’ ஒரு நிமிடம்கூட இல்லை. போன் இணையத்தோடும், இணையம் கூகுளோடும், கூகுள் அரசாங்கத்தோடும் கோத்துக் கிடக்கிறது என்கிறது. சதிக்கதை என்று 2010-இல் நையாண்டி செய்தார்கள். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் ஆவணங்களை வெளியிட்டபின் அதே பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். அதே மாதம் கான்யே வெஸ்டின் ‘யீசஸ்’ வந்தது. கிழிந்த ஒலி, ஆலை இரைச்சல், அறுந்த கத்தல். துணிச்சலின் உச்சம் என்று மதிப்புரைகள் குவிந்தன. மூன்று ஆண்டுக்கு முன் ஒரு பெண்ணிடம் கேட்டபோது தலைவலி என்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

அந்த முகாம் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1990-இல் அவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு படகேறி வந்தவர்கள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முகாமில் தண்ணீர் இல்லை. ஈழத்தில் நம்மைப் போல போர் என்று சொல்லமாட்டார்கள், குழாய்க்கிணறு என்பார்கள். ஒருநாள் சாயங்காலம் நம் ஊர் ஆள் ஒருவர் வந்து, நல்ல செய்தி என்று சிரித்துக்கொண்டே, “நாளைக்கு உங்க முகாமுக்குப் பின்னால போர் போடப் போறாங்க” என்றிருக்கிறார். தம்பியின் அம்மா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாராம், “இஞ்சையுமோ?” என்று.

மறுநாள் ரிக் வந்தது. அது என்ன என்று விளக்கிச் சொல்லிவிட்டார்கள், தண்ணீருக்குத்தான் என்று தெரியும். ஆனாலும் ராடு பாறையைத் தொட்டதும் வரிசை வீடுகளில் இருந்த கிழவிகள் எல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்களாம். தண்ணீர் பீறிட்டபோதுதான் ஒவ்வொருவராக எழுந்து குடம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது அது அவர்கள் குடும்பத்தில் சிரிப்புக் கதை. தம்பி என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பென் டிரைவைக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டான்.

நேரம் ஆகிவிட்டது. அமைப்பாளர்கள் அனுமதியோடு அந்தப் பாட்டை இங்கே போடப் போகிறேன். காதில் கோளாறு உள்ள பெரியவர்கள் வேண்டுமானால் வெளியே நிற்கலாம், காப்பி வந்துவிட்டது. மைக் செட் தம்பி, கொடையில் உறுமிக்கு எப்படி வைப்பாயோ அப்படியே வை. கிழிகிறது என்று நினைத்து ட்ரெபிளைக் குறைத்துவிடாதே.

(இந்த இடத்தில் ‘ஸ்டெப்பின் அப்’ முழுமையாக ஒலிபரப்பப்பட்டது.)